ரெண்டையும் தான் படிப்போம்

உக்காருறதுக்கு நான் வரலைப்பா. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடுறேன்.

சரி, அம்மா இவ்வளவு சொல்றாங்களேன்னு உக்காருறேன். ஆனா சாப்பிட மாட்டேன். தண்ணி போதும்மா. சண்டை போட வந்த வீட்டுல சாப்பிட்டுட்டா அப்புறம் குரல் ஏறாது.

நான் தமயந்தி. மாரியோட ரூம்மேட். மாரீஸ்வரின்னு ரெஜிஸ்டர்ல இருக்கும், எங்களுக்கு மாரி. மூணு வருஷமா ஒரே ரூம், ஒரே கிளாஸ். எத்தனை தடவை போன் அடிச்சாலும் எடுக்கலை. அதான் காலையில ஹாஸ்டல்ல இருந்து கிளம்பி, மதுரையில பஸ் மாறி, சிவகாசியில இறங்கி விசாரிச்சு வந்திருக்கேன். அவ அந்த உள் ரூம்ல தான இருக்கா? கூப்பிட வேண்டாம். கூப்பிடவே வேண்டாம். அவகூட எனக்குப் பேச்சு கிடையாது. நான் பேச வந்தது உங்ககிட்ட. கொஞ்சம் சத்தமாப் பேசுறேன்னா, என் குரலே அப்படித் தான். வேற காரணம் ஒண்ணும் இல்லை.

திங்கட்கிழமை யுனிவர்சிட்டியில விசாரணைக் கமிட்டி அவளைக் கூப்பிட்டிருக்கு. நீங்க அனுப்ப மாட்டேன்னு வார்டன்கிட்ட சொல்லிட்டீங்களாம். அவ போகலைன்னா என்ன ஆகும் தெரியுமாப்பா? பரீட்சையில இவ காப்பி அடிச்சிருக்கா, அதான் முகத்தைக் காட்டலைன்னு முடிவு பண்ணி, பேரையே எடுத்துடுவாங்க. மூணு வருஷப் படிப்பும் போச்சு. இனிமே எந்தக் காலேஜ்லயும் சேத்துக்க மாட்டாங்க. அதுக்குத் தான் வந்திருக்கேன். எனக்கு அவமேல பாசம்னு நினைக்காதீங்க. ஒரு பொய் ஜெயிக்கக் கூடாது, அவ்வளவு தான்.

நீங்க இன்னொண்ணும் சொன்னீங்களாம். கம்ப்யூட்டர் மட்டும் படிச்சிருந்தா இந்த வம்பெல்லாம் வந்திருக்காது, கூடவே தத்துவம்னு ஒண்ணைக் கட்டிக்கிட்டதால தான் புத்தி கெட்டுச்சுன்னு. நீங்க வேலை பார்க்கிற காலண்டர் பிரஸ்லயே டிசைன் செக்‌ஷன்ல சேத்து விடப் போறீங்கன்னு. சாமி படத்துக்குக் கலர் போடவா அவ ரெண்டு சப்ஜெக்ட் படிச்சா?

உங்க வேலையைக் குறை சொல்லலைப்பா. காலண்டர் எல்லாருக்கும் வேணும். எங்க வீட்டுலயும் ஒண்ணு தொங்குது. நான் சொல்றது வேற.

எங்க கோர்ஸைப் பத்தி முதல்ல நீங்க தெரிஞ்சுக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸும் தத்துவமும் சேர்ந்த படிப்பு. ரெண்டுலயும் சரிசமமாப் பாஸ் பண்ணணும். கம்ப்யூட்டர் பில்டிங் மெயின் கேட் பக்கம், தத்துவத் துறை அந்தக் கடைசியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. நடுவுல ஒரு வேப்பமரம் கூடக் கிடையாது. ஒரு கிளாஸ் முடிஞ்சு இன்னொரு கிளாஸுக்கு வெயில்ல ஓடணும். கம்ப்யூட்டர்காரங்க எங்களைச் 'சாமியார் பேட்ச்'னு கூப்பிடுவாங்க. தத்துவத் துறைக்குப் போனா, 'வந்துட்டாங்கய்யா மெஷின் பிள்ளைங்க'ம்பாங்க. கல்ச்சுரல்ஸ் வந்தா எந்தத் துறை டீம்லயும் சேத்துக்க மாட்டாங்க. கிடக்கட்டும். நாங்க ரெண்டையும் தான் படிப்போம். ஏன் படிக்கக் கூடாது? கம்ப்யூட்டர்ங்கிறது என்ன? இது உண்மைன்னா அதைச் செய், இல்லைன்னா இதைச் செய். அவ்வளவு தான். அப்ப எது உண்மை, எதை வெச்சு உண்மைங்கிறோம்னு யாராவது யோசிக்கணுமா இல்லையா? அதை யோசிக்கிறது தான் தத்துவம். இதைப் போய் புத்தி கெட்டுப் போச்சுன்னா எப்படி?

உண்மையைச் சொல்லணும்னா எனக்குத் தனிக் கம்ப்யூட்டர் சீட் கிடைக்கலை. மிச்சம் இருந்தது இது தான், சேர்ந்தேன். உங்க பொண்ணு அப்படி இல்லை. கேட்டு வாங்கிச் சேர்ந்தா. தனி சீட் கிடைச்சும் வேண்டாம்னுட்டா. உங்களுக்குத் தெரியாதா? சரி, அது அவ உங்ககிட்ட பேசிக்க வேண்டியது. எனக்கென்ன.

அவ கெட்டிக்காரியான்னு கேட்டா, ஆமாம்னு தான் சொல்லணும். ரிகர்ஷன்னு ஒண்ணு இருக்குப்பா, ஒரு புரோகிராம் தன்னையே திருப்பித் திருப்பிக் கூப்பிடும். செகண்ட் இயர்ல அவ சொல்லிக் குடுத்துத் தான் அது எனக்கு மண்டையில ஏறுச்சு. நானாவும் புரிஞ்சுக்கிட்டிருப்பேன், கொஞ்சம் லேட் ஆயிருக்கும். ஆனா பயந்தாங்கொள்ளி. தீபாவளிக்கு ஊருக்குப் போகாம ஹாஸ்டல்லயே கிடப்பா. வெளிய வெடி வெடிச்சா ஜன்னலைச் சாத்திட்டு, காதுல ஹெட்போனை மாட்டிட்டு, போர்வைக்குள்ள படுத்துக்குவா. சிவகாசிக்காரி பட்டாசுக்குப் பயப்படலாமான்னு நான் கேக்காத நாள் இல்லை. ஒரு தடவை அவ கட்டிலுக்குக் கீழ ஒரு பிஜிலி வெடியை உருட்டி விட்டேன். பத்த வைக்கலைப்பா, சும்மா. அதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா.

கிளாஸ்லயும் எதையாவது கேட்டு மானத்தை வாங்குவா. ஞானப்பிரகாசம் சார் தருக்கம் எடுத்தார். தருக்கத்துல காலங்காலமா ஒரே உதாரணம் தான்ப்பா. தூரத்துல மலையில புகை தெரியுது. புகை இருக்கிற இடத்துல நெருப்பு இருக்கும், அடுப்படியில பாக்குறோம்ல, அது மாதிரி. அந்த மலையில புகை இருக்கு. அதனால அங்க நெருப்பு இருக்கு. இப்படிப் படிப்படியா நிறுவணும். புகைன்னு நாம நினைக்கிறது பனியா இருக்கலாம், தூசியா இருக்கலாம், முதல்ல அதைச் சரி பாக்கணும்னும் சொன்னார். எல்லாரும் எழுதிக்கிட்டிருக்கோம். இவ எந்திரிச்சு, 'சார், அந்த மலையில யாராவது இருந்தாங்களா?'ன்னு கேட்டா. கிளாஸே சிரிச்சுது. நான் தான் எல்லாரை விடவும் சத்தமாச் சிரிச்சேன். உதாரணத்துல போய் ஆளைத் தேடுறா பாருங்க!

இப்ப விஷயத்துக்கு வரேன்.

கம்ப்யூட்டர் பிராக்டிகல் பரீட்சை. லேப் கீழ்த்தளத்துல. அன்னைக்கு ஏசி வேலை செய்யலை, ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கு. வெளியூர்ல இருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருக்கார். பாதிப் பரீட்சை போயிட்டிருக்கும்போது திடீர்னு வெள்ளையாப் புகை. திபுதிபுன்னு வருது. யாரோ ஒருத்தன், 'யூபிஎஸ் ரூம்ல தீ!'ன்னு கத்தினான். அவ்வளவு தான்ப்பா. பேட்டரி வெடிச்சுடும், ஓடுங்க ஓடுங்கன்னு எல்லாம் ஓடுது. முதல்ல ஓடினது அந்த எக்ஸாமினர். எங்க மேடம் செருப்பை விட்டுட்டு ஓடினாங்க.

நான் எந்திரிக்கலை.

ஏன் எந்திரிக்கணும்? யோசிச்சேன். யூபிஎஸ் ரூம் கதவு எனக்கு வலப்பக்கம். புகை வர்றது இடப்பக்க ஜன்னல் வழியா. யூபிஎஸ்ல தீப்பிடிச்சா கரண்டு போகணும், லைட் எரியுது, ஃபேன் சுத்துது. வயர் எரிஞ்சா பிளாஸ்டிக் வாடை வரணும், வர்றது டீசல் வாடை. வெளியே டர்ருனு ஒரு சத்தம். டெங்கு சீசன் வேற. அப்ப இது என்ன? கொசு மருந்துப் புகை! பில்டிங்குக்குப் பின்னாடி எவனோ மெஷினை வெச்சு அடிச்சிட்டிருக்கான். உக்காந்த இடத்துலயே கண்டுபிடிச்சேன். மூணு வருஷம் தருக்கம் படிச்சது எதுக்கு? தத்துவம் எதுக்கு உதவும்னு கேக்குறீங்களே, இதுக்குத் தான் உதவும். அத்தனை பேர்ல நான் ஒருத்தி தான் சரி. நிம்மதியா என் புரோகிராமை எழுதிக்கிட்டிருந்தேன்.

அப்பத் தான் உங்க பொண்ணு வந்தா.

எல்லாரோடவும் வெளிய போனவ, திரும்பி உள்ள வரா. துப்பட்டாவை மூக்குல கட்டிக்கிட்டு, கண்ணு தெரியாம ஒவ்வொரு பெஞ்சாத் தடவித் தடவி, 'தமா, தமா'ன்னு கத்திக்கிட்டு. வந்து என் கையைப் பிடிச்சு இழுக்குறா. 'தீ இல்லடி, கொசு மருந்து'ங்கிறேன். காதுலயே விழலை. நான் ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்றேன், லைட்டைப் பாரு, வாடையைப் பாருன்னு. கேட்டாத் தான! 'எந்திரிடி, எந்திரிடி'ன்னு அதையே சொல்றா. பிடி இரும்பு மாதிரி. அவ முழங்கை கீபோர்டுல பட்டு என் புரோகிராம்ல பாதி அழிஞ்சு போச்சு. எனக்கு வந்த கோவத்துக்குக் கையை உதறி விட்டுட்டு மறுபடி எழுத ஆரம்பிச்சேன். அவ கொஞ்ச நேரம் அங்கயே நின்னா. எனக்குப் பின்னாடி, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு. போகவும் இல்லை. புகை கொஞ்சம் தெளிஞ்சப்புறம் தான் பின் கதவு வழியா ஓடிப்போய் வாந்தி எடுத்தா. நியாயமாப் பாத்தா நான் தான் அவமேல புகார் குடுத்திருக்கணும்.

என்னப்பா? ... எதுக்கு உள்ள வந்தாளா? என்னை இழுத்துட்டுப் போகத் தான். இதைக் கூடவா அவ உங்ககிட்ட சொல்லலை? ... இருங்க, முழுசாச் சொல்லி முடிச்சுடுறேன்.

எல்லாரும் திரும்பி வந்து பாத்தா லேப்ல நான் ஒருத்தி மட்டும் உக்காந்திருக்கேன். ஒரு வாரம் கழிச்சு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. ஆளில்லாத நேரத்துல பக்கத்து மெஷினையெல்லாம் பாத்து எழுதினேனாம். ரெண்டு பேர் புரோகிராமும் என்னோடதும் ஒரே மாதிரி இருக்காம். பாடத்துல இருக்கிற ஒரே புரோகிராமை எல்லாரும் ஒரே மாதிரி எழுதாம வேற எப்படி எழுதுவாங்க? லேப்ல கேமரா இருக்கு. போட்டுப் பாத்தா பால் கொட்டின மாதிரி வெள்ளையாத் தெரியுது, வேற ஒண்ணும் இல்லை.

கமிட்டின்னா மூணு பேர். நான் விடலைப்பா. நிமிர்ந்து நின்னு, தருக்க முறைப்படி ஒவ்வொரு படியா என் வாதத்தை வெச்சேன். ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டார். அவ்வளவு ஆழமா யோசிக்கிறார். நடுவுல கதவைத் திறந்துக்கிட்டு இவ வந்து நிக்கிறா. யாரும் கூப்பிடலை. வந்து என்ன சொன்னா தெரியுமா? 'சார், நான் உள்ள தான் இருந்தேன். இவ நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லை. இவ ஒரு லூசு சார். கட்டடமே எரிஞ்சாலும் உக்காந்து விளக்கம் சொல்லிக்கிட்டிருப்பா.'

லூசு! மூணு புரொபசர் முன்னாடி! கண்ணை மூடியிருந்தவர் உட்பட மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. 'சரி, நீ போம்மா'ன்னு என்னை விட்டுட்டாங்க. என் வாதத்துல ஜெயிச்சு வெளிய வர்ற நேரத்துல வந்து லூசுப் பட்டம் கட்டிட்டா. அன்னையில இருந்து நான் அவகிட்ட பேசுறதில்லை. ரூமுக்குள்ள ஒரு கோடு போடாத குறை தான்.

என்னை அனுப்பிட்டு அவளைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'நீயும் உள்ள இருந்தியா? இத்தனை நாள் ஏன் சொல்லலை? தீன்னு சொல்லியும் எதுக்குத் திரும்பி உள்ள போன?'ன்னு. அவ பதிலே சொல்லலையாம். அவ பரீட்சையைக் கேன்சல் பண்ணிட்டாங்க, மிச்சத்தைத் திங்கட்கிழமை முடிவு பண்ணுவாங்களாம். இங்க தான்ப்பா எனக்குப் பத்திக்கிட்டு வருது. நான் எந்திரிக்கலைன்னு அவ சொன்னதை நம்பினாங்க இல்லை? அப்ப அவ உள்ள நின்னு என்னைப் பாத்துக்கிட்டிருந்தாங்கிறதையும் நம்பித் தான ஆகணும்? என்னையே பாத்துக்கிட்டு நின்னவ எப்படி மத்தவங்க மெஷினைப் பாத்திருப்பா? ஒரே வாய், ஒரே வார்த்தை. பாதி உண்மை, பாதி பொய்யாம். இந்த ஒரு ஓட்டை போதும், அந்த முடிவையே உடைச்சுடலாம். அதுக்குத் தான் அவளை அனுப்பச் சொல்றேன். அவ வாயைத் திறந்து ஒரே ஒரு வரி சொன்னாப் போதும்.

உங்ககிட்டயும் சொல்லலை, அவங்ககிட்டயும் சொல்லலைன்னா அப்படி என்ன வீம்புன்னு எனக்குத் தெரியலை...

என்னப்பா, எந்திரிச்சுட்டீங்க? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா? அம்மா எதுக்கு அழுறாங்க?

யாரு? ... உங்க தங்கச்சியா? ... இல்லையே, அவளுக்கு ஒரு அத்தை இருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது. அவ சொன்னதே இல்லை. ... பட்டாசுக் கம்பெனியில வேலை பாத்தாங்களா? ... மாரி நாலாங்கிளாஸ் படிக்கும்போது தீப்பிடிச்சுதா? ... அத்தைக்குச் சோத்துத் தூக்கை எடுத்துட்டுப் போய் வாசல்ல நின்னவளா? ...

நீங்க சொல்லுங்கப்பா. நான் பேசலை.

... போக முடியாது தான்ப்பா. வெடிமருந்து அறை பத்திக்கிட்டா யாரும் உள்ள போக முடியாது. எனக்குப் புரியுது. யார் தான் போவாங்க. ... 'அத்தை உள்ள இருக்கு, அத்தை உள்ள இருக்கு'ன்னு கத்தினாளா. ... உங்க கையைக் கடிச்சாளா. நீங்க தான் அவளைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களா. விடாம.

நீங்க விட்டிருந்தா அவ இன்னைக்கு இல்லைப்பா. நீங்க பிடிச்சது சரி. யார்கிட்ட வேணும்னாலும் நான் வாதாடுவேன். நீங்க பிடிச்சது தான் சரி.

... அப்பா, அழாதீங்க.

உங்ககிட்ட எப்படிச் சொல்லுவா? புகை வந்துச்சு, உள்ள ஒருத்தி இருந்தா, நான் போனேன்னு உங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவா? அதைச் சொல்றதுக்குப் பதிலா, காப்பி அடிச்சவன்னு பேர் வாங்கிக்கலாம்னு இருந்துட்டா. சரியான லூசு அவ தான்.

மூணு வருஷம்ப்பா. ஒரே ரூம். நான் வாயை மூடினாத் தான அவ சொல்றதுக்கு.

என்ன கேட்டீங்க? ... இதை நீ ஏன் அன்னைக்கே அவங்ககிட்ட சொல்லலைன்னா?

அது... அவங்க என்கிட்ட கேட்டது, நீ எந்திரிச்சியா இல்லையான்னு மட்டும் தான்ப்பா. உள்ள வேற யாராவது வந்தாங்களான்னு கேக்கலை. கேக்காத கேள்விக்கு நாமளாப் பதில் சொல்லக் கூடாதுன்னு தருக்கத்துல ஒரு... இல்லை. அப்படி ஒண்ணும் தருக்கத்துல இல்லை. நானாச் சொல்றேன். அப்புறம் வெளிய அனுப்பிட்டாங்க. வெளிய பெஞ்சு கிடந்துச்சு. அதுல உக்காந்திருந்தேன். உள்ள அவளைக் கேள்வி கேக்குறது எனக்குக் கேட்டுச்சு. 'எதுக்கு உள்ள போன, எதுக்கு உள்ள போன'ன்னு. கதவு சும்மா தான் சாத்தியிருந்துச்சு. லூசுன்னு சொன்னாளே, படட்டும்னு...



அம்மா, சாப்பாடு வைங்க. சாப்பிடுறேன். அவளுக்கும் சேத்து வைங்க, வந்தா வரட்டும்.

திங்கட்கிழமை கமிட்டிக்கு நான் போறேன்ப்பா. என்னைக் கூப்பிடலை. கூப்பிடாட்டி என்ன? என் விசாரணைக்கு அவளும் கூப்பிடாமத் தான வந்தா? வாதம் கீதம் எதுவும் கிடையாது. நேரா உள்ள போய் நின்னு, தீயே பிடிச்சிருச்சுன்னு நம்பிக்கிட்டு இவ எனக்காக உள்ள வந்தான்னு சொல்லப் போறேன். அத்தையைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன், அது உங்க வீட்டு விஷயம். என்னைப் பத்திச் சொல்றதுக்கு எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். வெளிய போன்னா போக மாட்டேன். எந்திரின்னாலும் எந்திரிக்க மாட்டேன்னு தான் அவங்களுக்கே தெரியுமே.

அவளை அனுப்புங்கப்பா. அனுப்பலைன்னாலும் நான் உள்ள போவேன்.